ஆயிலுக்கு மேல் இன்னொரு பாட்டில் எதற்கு?

காங்கேயத்தில் எங்களுடையது ஆயில், ஸ்பேர்ஸ் கடை. டிராக்டர், லாரி, பைக், அரிசி ஆலை ஜெனரேட்டர் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற எல்லா விதமான இஞ்சினுக்கும் இங்கிருந்து ஆயில் போகிறது. கொஞ்ச காலமாக, ஆயில் வாங்கிப் பணம் கொடுக்கும்போது பலரும் கடைசியாக ஒன்று கேட்கிறார்கள். "ஏனுங்க, இதுகூட ஊத்துற பாட்டில் ஒண்ணு வருதாமா. சத்தம் கொறையுதாமா, மைலேஜ் கூடுதாமா. அது இருக்குதுங்களா?"

இல்லை, நாங்கள் அதை விற்பதில்லை. காரணத்தைக் கல்லாவுக்கு முன்னால் நிறுத்தி வைத்துச் சொல்ல முடியாது, பின்னால் இன்னும் நாலு பேர் நிற்பார்கள். அதனால்தான் இங்கே நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கிற பாட்டிலில் இருப்பது அடிட்டிவ், அதாவது ஆயிலில் கலக்கிற வேதிப்பொருள். நாம் காசு கொடுத்து வாங்குகிற இஞ்சின் ஆயிலிலேயே அது ஏற்கனவே இருக்கிறது. கேனில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வருகிற அடிப்படை எண்ணெய், பேஸ் ஆயில். மீதி, ரகத்தைப் பொறுத்து பத்து சதவீதத்திலிருந்து இருபது இருபத்தைந்து வரை அடிட்டிவ். பேஸ் ஆயிலை மட்டும் ஊற்றி ஒரு டீசல் இஞ்சினை ஓட்டினால் அது வெகு சீக்கிரம் கெட்டியாகி, கரி பிடித்து, வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டைத் தின்றுவிடும். ஒவ்வொரு பிராண்டும் தன் அடிட்டிவைத் தானே தயாரிப்பதாக நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க இந்த வியாபாரம் பெரும்பாலும் லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், ஓரோனைட் என்ற நான்கு கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அவர்கள் கலந்து தருகிற மொத்தக் கலவையை வாங்கி, பேஸ் ஆயிலில் சேர்த்து, டெஸ்ட் இஞ்சின்களில் ஓட்டிப் பார்த்து, தேறினால்தான் கேன் மேல் தரத்தைச் சொல்கிற எண்ணும் எழுத்தும் அச்சாகும். எதை எவ்வளவு போடுவது என்பதில் அவ்வளவு கணக்கு இருக்கிறது, ஏனென்றால் உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று போட்டி போடுகிறவை.

அந்தப் போட்டி என்னவென்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தேய்மானத்தைத் தடுப்பது துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மம். இசட்.டி.டி.பி. என்பார்கள், 1940களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, இன்னும் அதற்குச் சரியான மாற்று வரவில்லை. கேமும் அது தள்ளுகிற டேப்பெட்டும் அழுத்தி உரசுகிற இடத்தில் எழுகிற சூட்டிலும் அழுத்தத்திலும் இது சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பாஸ்பேட் படலமாக ஒட்டிக்கொள்கிறது. கனம் நூறு நானோமீட்டரை ஒட்டித்தான், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தேய்ந்து போவது இந்தப் படலம், இரும்பு தப்பிக்கிறது. தேயத் தேய ஆயிலில் மிச்சமிருக்கிற இசட்.டி.டி.பி. மறுபடி படலம் கட்டும்.

இந்த வேலை நடக்க அதற்கு இரும்பின் மேல் இடம் வேண்டும். அதே இடத்துக்குத்தான் அழுக்குப் படியாமல் பார்க்கிற டிடர்ஜென்ட்டும் வருகிறது, வழுக்கலைக் கூட்டுகிற ஃப்ரிக்ஷன் மாடிஃபையரும் வருகிறது, துருத் தடுப்பானும் வருகிறது. ஒன்றை அளவுக்கு மீறிப் போட்டால் அது மற்றொன்றைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். வழவழப்புக்கென்று ஒரு பாட்டில் ஊற்றி, தேய்மானத் தடுப்பைக் கெடுத்துக்கொள்வது நிஜமாகவே நடக்கக்கூடியது. சத்தம் குறைந்திருக்கும், உள்ளே கேம் தேய்ந்துகொண்டிருக்கும்.

சரி, ஆயில் கறுப்பாவதைப் பற்றி. டீசல் வண்டிக்காரர்கள் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓடியதுமே கேஜை உருவிப் பார்த்து, "அதுக்குள்ள கருத்துப்போச்சுங்க, ஆயில் சரியில்லை" என்று வருவார்கள். அது ஆயில் கெட்டதற்கு அடையாளம் கிடையாது. டிஸ்பர்சன்ட் என்ற அடிட்டிவ் கரித்துகளை ஒவ்வொன்றாகச் சூழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் ஆயிலுக்குள்ளேயே மிதக்க வைக்கிறது. அதனால்தான் கறுப்பு. ரொம்ப நாள் ஓடியும் கறுக்காத டீசல் ஆயில்தான் எனக்குக் கவலை தரும், கரியை எல்லாம் இஞ்சினுக்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறது என்று அர்த்தம்.

டிடர்ஜென்ட்டின் வேலை வேறு. கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த அந்தப் பொருட்கள் பிஸ்டனில் பிசின் படியாமல் பார்த்துக்கொள்வதோடு, டீசலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகிற அமிலத்தையும் முறிக்கின்றன. ஆயிலில் எவ்வளவு முறிக்கும் சக்தி மிச்சம் இருக்கிறது என்பதை டி.பி.என். என்ற எண்ணால் அளப்பார்கள், ஓட ஓட அது இறங்கும். பி.எஸ். என்பது நம் அரசின் புகைக் கட்டுப்பாட்டு விதி. பி.எஸ்.3 டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 350 பங்கு (350 பி.பி.எம்.) வரை கந்தகம் இருந்தது. பி.எஸ்.4-ல் அது 50 ஆனது, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6-ல் வெறும் 10. அமிலம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது, அதனால் டிடர்ஜென்ட்டை அள்ளிப் போட வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. "ஹெவி டியூட்டி, டி.பி.என். அதிகம்" என்று பெருமை பேசி விற்பதெல்லாம் பழைய கணக்கு.

பழைய கணக்கை வைத்து ஊற்றினால் புது வண்டியில் என்ன ஆகும்? சங்ககிரி, நாமக்கல் பக்கத்து லாரி முதலாளிகள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். பி.எஸ்.6 லாரியின் சைலன்சர் வழியில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கிற டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. கரி எரிந்து புகையாகப் போய்விடும். ஆனால் சிலிண்டருக்குள் எரிந்துபோகிற ஆயிலில் இருக்கிற கால்சியமும் துத்தநாகமும் எரியாது, சாம்பலாக வடிகட்டியின் துளைகளில் தங்கிவிடும். கரியை எரிக்கிற ரீஜெனரேஷனை எத்தனை முறை ஓட விட்டாலும் அந்தச் சாம்பல் போகாது. அதனால்தான் 2016 கடைசியில் வந்த சி.கே-4 என்ற டீசல் ஆயில் ரகத்தில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதென்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். பழைய லாரிக்கு வாங்கிய, முந்தைய ரகமான சி.ஐ-4 பிளஸ் பேரல் மிச்சம் இருக்கிறது என்று புது லாரிக்கும் அதையே ஊற்றுகிறவர்கள் ஆயிலில் மிச்சம் பிடித்து, டி.பி.எஃப்-புக்குக் கொடுக்கிறார்கள். பெட்ரோல் காரிலும் இதே கதைதான், பாஸ்பரஸ் போய்ப் படிந்தால் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மந்தமாகிவிடும். சின்ன டர்போ பெட்ரோல் இஞ்சின்களில் இன்னொரு தலைவலி வந்தது. கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமிருந்தால் பிளக் தீப்பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைத்தது. அதற்காகவே 2018-ல் எஸ்.என். பிளஸ் என்றும் 2020-ல் எஸ்.பி. என்றும் புது ரகங்கள் வந்தன. கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டினார்கள்.

பைக்குக்கு வருவோம். 20டபிள்யூ-40 என்று கேட்டு வாங்குகிறோம். முதல் எண் குளிரில் ஆயிலின் கெட்டித்தன்மையையும் இரண்டாவது எண் சூட்டில் அதையும் சொல்கிறது, அந்த இரண்டும் ஒரே ஆயிலில் எப்படிச் சாத்தியம்? அதுவும் அடிட்டிவ்தான். நீளமான பாலிமர் இழைகள் குளிரில் நூல் கண்டு போலச் சுருண்டு கிடக்கும், சூடேறினால் அவிழ்ந்து விரிந்து ஆயிலை இளகாமல் பிடித்துக்கொள்ளும். திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பைக்கில் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் கியர் பற்கள் அந்த இழைகளை நறுக்கிக்கொண்டே இருக்கின்றன. நறுக்கின இழை மறுபடி ஒட்டாது. பைக் ஆயில் கார் ஆயிலை விடச் சீக்கிரம் மெலிந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

அதைவிட முக்கியம் கிளட்ச். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் அதே ஆயிலுக்குள் முழுகித்தான் இருக்கின்றன. அங்கே நமக்கு உராய்வு வேண்டும். கார் ஆயில்களில் மைலேஜுக்காகச் சேர்க்கிற ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் இங்கே வந்தால் பிளேட் வழுக்கும். கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் வந்தான், சென்னிமலை மேட்டில் ஆக்சிலரேட்டர் முறுக்கினால் இஞ்சின் கத்துகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது என்றான். கிளட்ச் பிளேட் செட் வாங்கத்தான் வந்திருந்தான். என்ன ஆயில் ஊத்தினாய் என்று கேட்டால், மாமா காருக்கு வாங்கினதில் மிச்சம், நல்ல சிந்தெடிக் ஆயில்ண்ணா, விலை ஜாஸ்திண்ணா என்கிறான். அது உண்மைதான், ஆயில் நல்லதுதான், காருக்கு. டிரெயின் பண்ணி, ஜாசோ எம்.ஏ.2 ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பிளேட் வாங்க வா என்று அனுப்பினேன். பிளேட் வாங்க அவன் வரவில்லை.

இந்த ஜாசோ என்பது ஜப்பான்காரர்கள் 1998-ல் பைக்குக்கென்று கொண்டுவந்த தர அளவு. எம்.ஏ., எம்.ஏ.2 என்றால் நனைந்த கிளட்சுக்கு வேண்டிய உராய்வு உள்ள ஆயில். எம்.பி. என்றால் உராய்வு குறைந்தது. ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே காய்ந்து கிடப்பதால் எம்.பி. ஊற்றலாம். வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருக்கிறதென்று ஒரே கேனை இரண்டுக்கும் வாங்குகிறவர்கள் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கியர் ஆயிலில் அடிட்டிவின் குணம் இன்னும் பச்சையாகத் தெரியும். டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாடை கந்தகச் சேர்மங்களின் வாடை. பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் சக்கரங்களில் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்வதால் அழுத்தத்தில் ஆயில் பிதுங்கி வெளியேறிவிடும். அந்த நேரத்தில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கிப் பற்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாமல் காப்பாற்றுகிறது. கியர் ஆயில் ரகங்களில் ஜி.எல்-5-ல் இது ஜி.எல்-4-ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போ எல்லாவற்றுக்கும் ஜி.எல்-5 ஊற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் கியர்பாக்ஸுக்குள், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை சின்க்ரோ ரிங் இருக்கிறது. இரும்பைக் காப்பாற்றுகிற அதே கந்தகம் சூட்டில் பித்தளையை அரிக்கும். போதாததற்கு, சின்க்ரோ ரிங் உரசிப் பிடித்தால்தான் கியர் விழும், வழுக்கினால் விழாது. கம்பெனி ஜி.எல்-4 என்று எழுதியிருக்கிற கியர்பாக்ஸில் உயர்ந்த ரகம் என்று ஜி.எல்-5 ஊற்றிவிட்டு, மூன்றாவது கியர் கரகரக்கிறது என்று டிரைவரைத் திட்டுகிற முதலாளிகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

டிராக்டர் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் அதிகம் கெடுவது அங்கேதான். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் சேற்று உழவு தொடங்கும், கூடவே என் கடைக்கு இந்தப் புகாரும் வரத் தொடங்கும்: "தம்பி, பிரேக் மிதிச்சா பின்னால கர்ருனு கத்துது, வண்டியே அதுருது." இப்போது வருகிற டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் தட்டுகள் ஆயிலுக்குள் இருக்கின்றன. கியர்பாக்ஸ், பின்னால் உள்ள கிரவுன், ஹைட்ராலிக் லிஃப்ட், பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில், ஒரே கூடு. இந்த ஒரே ஆயிலிடம் நாம் கேட்பவை ஒன்றுக்கொன்று நேர் எதிர். பற்களுக்கு உராய்வு கூடாது, பிரேக் தட்டுக்கு உராய்வு வேண்டும், அதுவும் திடுக்கென்று பிடிக்காமல் சீராகப் பிடிக்க வேண்டும். ஹைட்ராலிக் பம்புக்கு ஆயில் இளக்கமாக இருக்க வேண்டும், நுரைக்கக் கூடாது. சேற்றில் இறங்கும்போது சீல் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனால் அதையும் சமாளிக்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் யு.டி.டி.ஓ. என்று தனி ரகம் செய்திருக்கிறார்கள்.

ஒரு பெரியவர் வந்தார், வெகு காலமாக எங்களிடம் வாங்குகிறவர். போன தடவை வெளியூர்ப் பட்டறையில் 90 கியர் ஆயில் ஊற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் வாடையிலேயே தெரிந்துவிட்டது, டிராக்டர் ஆயில் இப்படி நாறாது. வடித்ததை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தால் பிரேக் தட்டின் மேல் பூச்சு நுணுக்கி வந்திருக்கிறது, பொடிப் பொடியாக, பழுப்பாக. "அண்ணா, தட்டு இன்னும் முழுசாப் போகலீங்க, ஆனா இந்த ஆயில்லயே ஓட்டினா அடுத்த போகத்துக்குள்ள பின்னால பூராவும் பிரிக்க வேண்டி வந்துரும்" என்றேன். அவர் உடனே கேட்ட கேள்வி, "சத்தம் போறதுக்கு ஒரு பாட்டில் வருதாமே, அத ஊத்திரலாங்களா?" அந்த மாதிரி உராய்வுக் கலவைகள் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைத் தின்றுகொண்டிருக்கும் ஆயில் உள்ளேயேதான் இருக்கும். முழுவதும் வடித்து, ஃபில்டர் மாற்றி, கம்பெனி சொன்ன ஆயிலை ஊற்றினோம். நாற்பது ஐம்பது லிட்டர் ஆயில் ஒரே நேரத்தில் வாங்குவது ஒரு விவசாயிக்கு எவ்வளவு பெரிய செலவு என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தப்பான ஆயிலை ஊற்றிக் கொடுக்கிறவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

ஆட்டோமேட்டிக் கார்களின் டிரான்ஸ்மிஷன் ஆயில், ஏ.டி.எஃப்., இதே குழப்பத்தின் பெரிய வடிவம். அந்த ஆயில் கிளட்சுகளை நழுவ விட்டுப் பிடிக்க வைக்கிறது, வால்வுகளை இயக்குகிறது, சூட்டைக் கடத்துகிறது. கியர் மாறும்போது உதறாமல் மாறுவதும் உதறுவதும் அதிலுள்ள ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் கையில் இருக்கிறது. இதில் ஒரு பழைய சங்கதி உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைத்தான் சேர்த்தார்கள். 1970-ல் அந்தத் திமிங்கலம் அழியும் நிலையில் உள்ள உயிர்களின் பட்டியலில் வந்து எண்ணெய் கிடைக்காமல் போனதும், வேதிப்பொருளில் மாற்றுத் தேடிப் புதுக் கலவைகள் செய்ய வேண்டி வந்தது. ஒரே ஒரு அடிட்டிவ் மாறியதற்கு அவ்வளவு பாடு. கியர் பற்களுக்குப் பதில் பெல்ட்டால் ஓடுகிற சி.வி.டி. காரில் இரும்புப் பெல்ட் இரும்புக் கப்பியை உரசிப் பிடித்துச் சுழற்றுகிறது, அங்கே ஏ.டி.எஃப். ஊற்றினால் பெல்ட் நழுவிக் கப்பியில் கோடு விழுந்துவிடும். அப்புறம் ஏ.எம்.டி., 2014-ல் மாருதி செலேரியோவில் ஆரம்பித்து இப்போது ஊரெல்லாம் ஓடுகிறது. கியரைத் தானாகப் போடுவதால் அதுவும் ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஏ.டி.எஃப். கேட்கிறார்கள். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், சாதாரண கியர் ஆயில்தான். கியரைத் தள்ளுகிற ஹைட்ராலிக் அமைப்புக்குத் தனி எண்ணெய் உண்டு, அது வேறு.

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். கோயமுத்தூரில் ஒரு கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒரு மோட்டாரில் இரும்பு வளையம் சுற்றும், அதன் மேல் ஒரு பேரிங் உருளையை வைத்து நெம்புகோலால் அழுத்துவார்கள். சாதாரண ஆயிலில் கொஞ்சம் எடை ஏற்றியதும் கிறீச்சென்று கத்தி மோட்டார் நிற்கும். பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டதும் ஆளே தொங்கினாலும் நிற்காது. கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும். அந்த மெஷின் பொய் சொல்லவில்லை, ஆனால் அது கேட்கிற கேள்வி உங்கள் இஞ்சினுடையது கிடையாது. ஓடுகிற இஞ்சினில் கிராங்க் பேரிங்கும் ஷாஃப்டும் தொடுவதே இல்லை, நடுவில் ஆயில் அழுத்தமாக நின்று பிரித்து வைத்திருக்கிறது. அந்த மெஷினில் ஜெயிக்க எளிய வழி குளோரின் கலந்த பாரஃபின். அதே குளோரின் இஞ்சின் சூட்டிலும் ஈரத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிப் பேரிங்கை அரிக்கும். டெஃப்லான் கலந்த ஸ்லிக் 50 பற்றிய விளம்பரங்களுக்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1996-ல் நடவடிக்கை எடுத்து, 1997-ல் அந்த விஷயம் ஒப்பந்தத்தில் முடிந்தது. இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, நம் பக்கம் இன்னும் அதே வித்தையைக் காட்டி விற்கிறார்கள்.

எல்லாப் பாட்டிலும் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் உள்ள வண்டிக்குக் கம்பெனியே ஒரு ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் ஊற்றச் சொல்லியிருந்தால் தாராளமாக ஊற்றுங்கள், அதையும் சேர்த்துத்தான் அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பழைய காரில் சீல் காய்ந்து ஆயில் கசிந்தால், ரப்பரை இளக்குகிற கலவை கொஞ்ச நாள் தாங்கும், சீல் மாற்றப் பணம் சேரும் வரைக்கும். புகை தள்ளுகிற இஞ்சினுக்கு ஆயிலைக் கெட்டியாக்குகிற பாட்டில் ஊற்றி விற்பனைக்கு நிறுத்துவது மட்டும் வேண்டாம், வாங்கிப் போகிறவரும் நம்மைப் போலக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்தவர்தான்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் பார்த்திருக்கிறேன். போர் போடும்போது வண்டி நின்ற இடத்தில் நின்றபடி கம்ப்ரசர் இஞ்சின் மணிக்கணக்கில் ஓடுவதால், அவர்கள் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, ஹவர் மீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றுகிறார்கள். சிலர் வடித்த ஆயிலை லேபுக்கு அனுப்பி, டி.பி.என். எவ்வளவு மிச்சம், இரும்பு எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று ரிப்போர்ட் வாங்குகிறார்கள். சிலிக்கான் ஏறியிருந்தால் பெரும்பாலும் கல்தூசி உள்ளே போகிறது என்று அர்த்தம். தூசிக்கு எதிராக எந்த அடிட்டிவும் கிடையாது, விலை எவ்வளவு கொடுத்தாலும் கிடையாது. அதனால் பாட்டில் கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறக்கச் சொல்கிறேன். கிளிப் உடைந்து கயிறு போட்டுக் கட்டியிருக்கும், ரப்பர் ஓஸில் வெடிப்பு இருக்கும், உள்ளே விரலால் தடவினால் நெல் உமித் தூசி ஒட்டும். புது ஃபில்டரும் ஒரு ஓஸ் கிளிப்பும் சேர்த்து அந்தப் பாட்டில் விலைக்குள் வந்துவிடும், அதை நானே மாட்டியும் கொடுக்கிறேன்.